மணிக்கு இருபத்தொரு நடை

கவரைப்பேட்டைக்குக் கிழக்கே, ஆரணியாற்றங்கரையில் இருந்தது மணவாளனின் செங்கல் சூளை. அங்கே பொழுது வெளுப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் களத்து மணல் உள்ளங்காலைப் பொசுக்கும். அதற்குள் பாதி நாள் வேலை முடிந்தாக வேண்டும். அச்சில் அறுத்துக் காயவைத்த, இன்னும் நெருப்பைக் காணாத பச்சைக்கற்கள் களம் முழுக்க வரிசை கட்டி நிற்கும். பெண்கள் சும்மாட்டின் மேல் பலகையை வைத்து, பலகையில் பன்னிரண்டு கல் அடுக்கி, அரை மூட்டை கனத்தைக் கழுத்தில் தாங்கிக்கொண்டு சூளைக்கு நடப்பார்கள். நூறு தப்படி தூரம். கடைசியில் சரிவாகச் சாத்திய சாரப்பலகை. அதில் ஏறி மேலே நிற்பவனிடம் கல்லைக் கொடுத்துவிட்டு இறங்கித் திரும்ப வேண்டும். சாம்பலும் செம்மண் தூசும் வியர்வையில் குழைந்து புருவத்தில் சேறாய் நிற்கும். அதைத் துடைக்கக் கை ஒழியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று பிப்ரவரி மாதம் முழுவதும் நான் அந்தக் களத்து ஓரத்தில் நின்று அவர்கள் நடப்பதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் மோசஸ். பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறையில் அப்போது நான் ஆராய்ச்சி உதவியாளன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்புக் கடிதம் வந்தால்தான் அடுத்த ஆறு மாதம் எனக்கு அங்கே மேசை உண்டு. சூளை வேலையும் உற்பத்தியும் என்பது என் ஆய்வு. களத்தில் கல் சுமந்த முப்பத்திரண்டு பெண்களில் ஒருத்தி என் அக்கா ஞானம்மா. அம்மா போன பிறகு அவள் சுமந்துதான் என்னை எம்.ஏ. வரை படிக்கவைத்தாள். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒருநாள் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது கங்கம்மா கேட்டாள். களத்தில் அவளைவிட வேகமாக நடப்பவர் யாரும் இல்லை.

"இன்னா தம்பி, நாங்க போறதையும் வர்றதையும் எயுதிக்கினே கீறியே, இத்த வச்சிக்கினு இன்னா பண்ணுவே?"

"கட்டுரையா எழுதி அச்சுல போடுவோம்க்கா. ஏப்ரல்ல யூனிவர்சிட்டில லெக்சரர் வேலைக்கு ஆள் எடுக்கறாங்க. அச்சுல பேரு வந்திருந்தா எனக்குக் கெடைக்கும்."

"லெக்சரர்னா?"

"காலேஜ் வாத்தியார்."

"பர்மெனன்ட்டா?"

"ஆமா. இப்போ ஆறு மாசம் ஆறு மாசமா இழுத்துக்கினு கீறேன்."

கங்கம்மா சிரித்தாள். "அட, அப்போ நீயும் நம்மள மாதிரி தெனக்கூலிதான்!"

அக்கா சிரிக்கவில்லை. கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அப்போ இது உனுக்குப் பரிச்ச மாதிரி" என்றாள்.

"அப்படித்தான்னு வச்சிக்கயேன்" என்றேன் நான். அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் வேறொரு துறையிலிருந்து ஸ்டாப் வாட்ச் ஒன்றை மூன்று நாளுக்கு இரவல் வாங்கி வந்தேன். அதுவரை என் கைக்கடிகாரத்தை வைத்து நான்கு வாரம் எண்ணியதில் ஒரு பெண் மணிக்குப் பதினான்கு நடை போய் வந்தாள். முதல்நாள் அந்த ஸ்டாப் வாட்சை அழுத்தியதும் களமே மாறிவிட்டது. பெண்கள் ஓடினார்கள். பன்னிரண்டு கல்லும் தலையில் அசையாமல் இருக்க, கழுத்து நரம்பு புடைக்க, கால் மட்டும் ஓடியது. திரும்பும்போது வெறும் பலகையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினார்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய கோவிந்தம்மா என்னைக் கடக்கும்போதெல்லாம் மூச்சு வாங்க, "எயுதிக்கினியா தம்பி, எயுதிக்கினியா?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

"இன்னாடி இது, எல்லாரும் ரயிலு புடிக்கப் போறீங்களா?" என்று மேஸ்திரி சுப்பிரமணி வாயைப் பிளந்தான்.

மூன்று நாளும் சராசரி இருபத்தொன்று.

எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் இருந்தது. நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதியும் வைத்தேன்: 'இது வழக்கமான வேகம் அல்ல. எனக்கு உதவும் எண்ணத்தில் தொழிலாளர்கள் ஓடுகிறார்கள்.'

எங்கள் துறைப் பேராசிரியர் சுப்பராயன் அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். எனக்கு மதியச் சாப்பாட்டில் பங்கு கொடுத்திருக்கிறார். பணம் கட்ட முடியாமல் நின்றபோது பரீட்சைக் கட்டணத்தைத் தானே கட்டியவர்.

"மோசஸ், இது ஆராய்ச்சியா, டைரியா? ஸ்டாப் வாட்ச்ல எடுத்த அளவு இருக்கு. கைக்கடியாரத்துல எடுத்தது இருக்கு. எது சுத்தமானது?"

"சார், அவங்க அன்னைக்கு..."

"எதை அளந்தியோ அதை எழுது. அவங்க மனசுல என்ன இருந்ததுன்னு நீ அளந்தியா? ஏப்ரல்ல விளம்பரம் வருது. ஒரே ஒரு லெக்சரர் இடம். பதினெட்டுப் பேர் வரிஞ்சு கட்டிக்கிட்டு நிக்கறான். நான் ஏழு வருஷம் டெம்பரரியா இருந்தவன், அது என்னன்னு எனக்குத் தெரியும். அச்சில உன் பேர் வரணுமா வேண்டாமா?"

வரணும் என்றேன்.

துறையின் காலாண்டிதழில் கட்டுரை வெளிவந்தது. அவர் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. சூளைக்குள் நின்று அளக்க அனுமதி கொடுத்ததற்காக மணவாளனுக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு வரும்படி சுப்பராயன் சார் என்னிடமே தந்தார். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். எந்தத் தகரக் கொட்டகையின் வாசலில் அக்கா வாரக் கூலிக்குக் கைகட்டி நிற்பாளோ, அந்தக் கொட்டகைக்குள் எனக்கு நாற்காலி போட்டார்கள். காபி வந்தது.

மணவாளனுக்கு ஆங்கிலம் தெரியாது. "இன்னா எழுதிகீறே, கொஞ்சம் சொல்லு தம்பி" என்றார். நான் பக்கம் பக்கமாகத் தமிழில் சொன்னேன். அட்டவணை வந்த இடத்தில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இரு, இரு. மணிக்கு எத்தினி நட?"

"இருபத்தொண்ணு."

"நம்ம சுப்பிரமணி பதினாலுதான் முடியும்னு சொல்லிக்கினு கீறான்." அவர் என் முகத்தையே பார்த்தார். "இது நெசமாவே நடந்துச்சா?"

அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். காபி டம்ளர் சுட்டது. அதைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, "நடந்ததுங்க" என்றேன். அது பொய்யும் இல்லை.

ஏப்ரலில் பத்திரிகையில் விளம்பரம் வந்தது: பொருளாதாரத் துறையில் விரிவுரையாளர் ஒருவர், ஆராய்ச்சி உதவியாளர் இருவர். அக்கா அந்தத் தாளை வாங்கி மடித்துப் பைபிளுக்குள் வைத்தாள். படிக்கத் தெரியாதவள், எந்த மூலையில் அந்த விளம்பரம் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவாள்.

மே முதல் வாரம் ஒரு திங்கட்கிழமை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிது புதிதாகக் கம்பெனிச் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். கல்லுக்கு லாரிகள் வரிசையில் நின்றன. அன்று காலை மேஸ்திரி களத்தில் நின்று அறிவித்தான். இனிமேல் மணிக்கு இருபத்தொரு நடை. குறைந்தால் கூலியில் பிடித்தம். ஆள் பன்னிரண்டு குறைக்கிறோம், நாளையிலிருந்து அவர்கள் வர வேண்டாம்.

"மனுசன் சொல்ற கணக்கா இது?" என்று கங்கம்மா கேட்டிருக்கிறாள்.

"என்னக் கேக்காத. யூனிவர்சிட்டி சொல்லுது. அச்சடிச்சுக் குடுத்துகீறாங்க."

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அக்கா காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். முட்டிக்குக் கீழே வீங்கியிருந்தது. அடுப்பு மூட்டவில்லை.

"மோசே, நீ எயுதுனதாமே அது."

"நான் கூலியப் பத்தி ஒண்ணும் எழுதலக்கா."

"அத்த நான் கேக்கல."

நான் முதலாளியிடம் பேசுகிறேன் என்றேன். எப்போது என்று அவள் கேட்கவில்லை. இன்டர்வியூ மே இருபத்தெட்டாம் தேதி. அது முடியட்டும், வேலை கைக்கு வந்துவிட்டால் என் பேச்சுக்கு மதிப்பு இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மூன்று வாரமும் களத்துப் பக்கம் போகாமல் ஆற்றைச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அக்கா விடியலில் எழுந்து போவதைக் கண்ணை மூடிப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

இன்டர்வியூவில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேர் கேட்டது எல்லாம் புத்தகத்தில் உள்ளது. ஐந்தாமவர் வெளியூரிலிருந்து வந்த வயதான பேராசிரியர். என் கட்டுரையைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"இந்த மூன்று நாட்கள், சாதாரண வேலை நாட்கள்தானா?"

சுப்பராயன் சார் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை மெல்லத் திருப்பினார்.

"சாதாரண நாட்கள்தான் சார்" என்றேன்.

மணி பதினொன்றரை இருக்கும் அப்போது. வெளியே வந்த சுப்பராயன் சார் என் தோளைத் தட்டினார். "நீதான். சிண்டிகேட் ஒப்புதல் மட்டும்தான் பாக்கி." சென்ட்ரலுக்குப் போகிற வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன்.

சூலூர்பேட்டை பாசஞ்சரை விட்டு இறங்கியதும் பிளாட்பாரத்தில் பச்சையப்பன் நின்றுகொண்டிருந்தார். சூளைக்கு நெருப்பு வைக்கிறவர். அறுபது வயது, இமை மயிர் பொசுங்கிய முகம். யாரிடமும் அதிகம் பேசாதவர்.

"கோவிந்தம்மா வியுந்துடுச்சு" என்றார். "சாரப்பலகையில ஓடி எறங்கச் சொல்ல வழுக்கிச்சு. மேல அடுக்கியிருந்த கல்லு சரிஞ்சு தொடமேல. எலும்பு ரெண்டா போய்கீது. பொன்னேரி ஆஸ்பத்திரில கீது."

"எப்போ?"

"பதினோரு மணிக்கு மேல இருக்கும்."

பச்சையப்பனுக்கு அந்த நேரம் எனக்கு என்ன என்று தெரியாது. நான் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பக்கத்தில் நின்றார். "வண்டி கட்டி இஸ்துக்கினு போனோம். மொதலாளி எட்டிப் பாத்துட்டு, அவள யாரு ஓடச் சொன்னதுன்னு கேட்டாரு."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோவிந்தம்மா பெண்கள் வார்டின் மூலைக் கட்டிலில் படுத்திருந்தாள். காலில் மரப்பட்டை வைத்துக் கட்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், நடக்க ஒரு வருஷம் ஆகலாம், கல் சுமக்கும் வேலை இனிக் கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டில் அருகே போனேன். அவளே பேசினாள்.

"வேல கெடச்சுதா தம்பி?"

"கெடச்ச மாதிரிதான்க்கா."

"போவட்டும்." வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். "நம்ம சேரில ஒருத்தனாவது நெயல்ல குந்தி வேல பாக்கட்டும்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன். வேலைக்கும் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கோவிந்தம்மா விழுந்த மறுநாளிலிருந்து பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பன்னிரண்டு பேரும் அவர்களோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். நெருப்பு வைக்க மாட்டேன் என்று பச்சையப்பனும் வந்துவிட்டார். மணவாளன் அசையவில்லை. பச்சையப்பன் எழுதிப்போட்ட மனுவின் பேரில் லேபர் ஆபீசர் வருகிற வியாழக்கிழமை விசாரிக்க வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முந்தின ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அங்கேதான் சொன்னேன். பதினான்கு என்று எழுதி வைத்திருந்ததை, அடிக்கப்பட்ட அந்த வரியை, காபி குடித்ததை, இன்டர்வியூவில் சொன்னதை, எல்லாவற்றையும். சொல்லும்போது யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துச் சொன்னேன்.

பிறகு கங்கம்மா எழுந்தாள்.

"மூணு வாரமா உனுக்கு வாயி இல்லியா? நாங்க நாயா பேயா ஓடிக்கினு கீறோம், நீ ஆத்தச் சுத்திக்கினு ரயிலுக்குப் போற. பாத்துக்கினுதான் இருந்தோம். உனுக்காக ஓடுனோம்டா நாங்க. நீ அத்தக் கயிறாத் திரிச்சு எங்க கய்த்துல மாட்டிகீறே."

"ஆமாக்கா."

"இன்னா ஆமா? ஆமான்னு சொன்னா கோவிந்தம்மாளுக்குக் கால் வந்துருமா?"

 

அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "அவன மட்டும் வையாத கங்கம்மா. அந்த மூணு நாளும் உங்கள ஓடச் சொன்னவ நான்தான். ஒவ்வொருத்தி ஊட்டுக்கும் போயி, நம்ம மோசேக்குப் பரிச்ச, கொஞ்சம் வேகமா நடங்கடின்னு கெஞ்சினேன். கோவிந்தம்மா முட்டி வலிக்குதுன்னுச்சு. மூணு நாளுதானேன்னு சொன்னேன்." அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பச்சையப்பன் பீடியை அணைத்தார். "அழுவறதுக்கு அப்பால நேரம் கீது. மோசஸு, நீ எயுதுன அந்த நோட்டு யாராண்ட கீது?"

"என்னாண்டதான்."

"வியாழக்கெழம ஆபீசர் எதிர்ல இத்தயே சொல்லுவியா?"

சொல்வேன் என்றேன். கங்கம்மா என்னை நம்பவில்லை. அது அவள் பார்வையிலேயே தெரிந்தது.

புதன்கிழமை சுப்பராயன் சார் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். என் நியமன உத்தரவு. தட்டச்சு ஆகிவிட்டது, கையெழுத்துதான் இல்லை.

"வெள்ளிக்கிழமை சிண்டிகேட் கூட்டம். நீ வியாழக்கிழமை போய்க் கட்டுரை தப்புன்னு சொன்னா, வெள்ளிக்கிழமை இந்தத் தாளை நான் எப்படி வைப்பேன்? என் பேரும் அதுல இருக்கு மோசஸ்."

"அந்த வரியை அடிக்காம விட்டிருக்கலாம் சார்."

"அடிச்சது நான்தான். ஏன்னு உனக்குத் தெரியும். சரி, ஒரு வாரம் பொறு. வேலையில சேரு. சேர்ந்த பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு திருத்தம் எழுதுவோம். பர்மெனன்ட் ஆனவன் சொன்னா நாலு பேர் கேப்பான்."

அதே சொற்களைத்தான் மூன்று வாரமாக எனக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அதன் லட்சணம் தெரிந்தது. தாளில் என் பெயர் சரியான எழுத்துகளில் இருந்தது. அக்காவுக்கு அதை ஒருதடவை காட்டியிருக்கலாம் என்று தோன்றியது. "மன்னிச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தாளை இழுப்பறைக்குள் வைக்கவும் இல்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு லேபர் ஆபீசர் ஜீப்பில் வந்தார். தகரக் கொட்டகையில் அவருக்கும் மணவாளனுக்கும் நாற்காலி. பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நான் அவர்களோடு நின்றேன்.

மணவாளன் காலாண்டிதழை மேசைமேல் போட்டார். "பாருங்க சார். பெரிய படிப்பு படிச்சவங்க அச்சடிச்சுக் குடுத்தது. நானா கனவு கண்டேன்? முடியும்னு எழுதிகீது, செய்யச் சொன்னேன். இவங்க சோம்பேறித்தனத்துக்கு நான் சூளைய மூடிக்கினு போவணுமா?"

"மொதலாளி, கோவிந்தம்மா சோம்பேறியா?" என்று பச்சையப்பன் கேட்டார்.

"அவள யாரு ஓடச் சொன்னது?"

"நடந்தா பதினாலு. இருபத்தொண்ணு வேணும்னா ஓடணும். ஓடாதன்னும் சொல்றீங்க, இருபத்தொண்ணும் கேக்கறீங்க. எது வேணும்?"

மணவாளன் ஆபீசர் பக்கம் திரும்பினார். நான் முன்னால் போனேன். "சார், இதை எழுதினதுல நானும் ஒருத்தன். இதுல இருக்கற அளவு தப்பு" என்று சொல்லி நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். நான்கு வாரப் பக்கங்களையும், ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் அடித்திருந்த வரியையும் அவர் நிதானமாகப் படித்தார்.

மணவாளன் எழுந்துவிட்டார். "டேய், தப்புன்னா அன்னிக்கு என் எதிர்ல குந்திக்கினு காபி குடிக்கச் சொல்ல ஏண்டா சொல்லல? நெசமாவே நடந்துச்சான்னு கேட்டனா இல்லியா? நடந்துதுன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"பாத்தீங்களா சார்! அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. இவன் வார்த்தைக்கு இன்னா மதிப்பு?"

"அன்னிக்கு எனக்கு வேலை வேணும்னு இருந்தது. அதான் சொல்லல" என்றேன். கொட்டகைக்குள் அது ரொம்பச் சின்னதாகக் கேட்டது. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள்.

ஆபீசர் தலையை நிமிர்த்தினார். "அந்த மூணு நாள் நீங்க ஓடினது உண்மையா?" என்று பெண்களைக் கேட்டார்.

கங்கம்மா முன்னால் வந்தாள். "ஓடுனோம் சார், நெசந்தான். எங்க புள்ளைக்கு ஒரு வேல கெடைக்கட்டும்னு ஓடுனோம். மூணு நாளு ஆசையில ஓடுனத்த வருசம் பூரா பசியில ஓடச் சொல்றாரு. நீங்க வேணா ஒரு நட அந்தப் பலகைய வச்சிக்கினு போயிட்டு வாங்க. அப்பால எயுதுங்க."

ஆபீசர் எதையும் தலையில் வைக்கவில்லை. ஆனால் எழுந்து போய்ச் சாரப்பலகையை ஏறி இறங்கிப் பார்த்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து, பதினைந்து நாள் கழித்து மறுவிசாரணை என்று எழுதினார். அதுவரை பழைய அளவுப்படி வேலை நடக்கட்டும் என்று யோசனை சொன்னார். உத்தரவு போடத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னார்.

"யோசனதானே" என்று மணவாளன் சிரித்தார். மறுநாள் களத்துக்குப் போகும் வழியில் முள் வெட்டிப் போட்டு அடைத்தார். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து ஆள் கொண்டுவருவேன், ஒரு வாரத்தில் இவர்கள் காலில் விழுவார்கள் என்று ஸ்டேஷன் டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனார்.

பல்கலைக்கழகத்திலிருந்து எனக்குத் திங்கட்கிழமை கடிதம் வந்தது. ஜூன் முப்பதோடு என் ஆராய்ச்சி உதவி முடிகிறது, நீட்டிப்பு இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மறுபடியும் விளம்பரம் வந்தது. அதே துறை, அதே இடம், அதே தகுதிகள். அக்கா கேட்டாள், படித்துக் காட்டினேன். "வேற யாரு வருவாங்களோ, பாவம்" என்றாள். அன்று அவள் பொன்னேரிக்குப் போய், இன்னும் அங்கேயே கிடந்த கோவிந்தம்மாவுக்குத் தலை வாரிவிட்டு வந்தாள். என்னைத் தன்னோடு கூப்பிடவில்லை. நான் பின்னாலேயே போனேன்.

வேலையை நிறுத்தி இருபத்திரண்டாம் நாள். முள்வேலிக்கு எதிரே, பாதையோரத்தில் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்கிப் பொதுவில் கஞ்சி காய்ச்சினோம். காலை எட்டு மணிக்கு ஒரு லாரி வந்தது. பின்னால் இருபது பெண்கள், கையில் சும்மாட்டுத் துணி, இடுப்பில் தூக்குச்சட்டி. சூலூர்பேட்டைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். மேஸ்திரி சுப்பிரமணி முள்ளை இழுத்து வழிவிட ஓடினான்.

எங்களில் யாரும் கல்லை எடுக்கவில்லை. கங்கம்மா மட்டும் எழுந்து போய் லாரியின் முன்னால் நின்றாள். அவள் அம்மா ஊர் ஆந்திர எல்லையில், தடாப் பக்கம். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினாள். கோவிந்தம்மாவின் தொடை எலும்பைப் பற்றிச் சொன்னாள். சாரப்பலகையைக் கை நீட்டிக் காட்டினாள். லாரியில் இருந்தவர்களில் மூத்தவள் முத்தம்மாள் என்பவள், விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டாள்.

"எங்க ஊர்ல மழ இல்லம்மா. புள்ளைங்க சோறு துண்ணு ரெண்டு நாளாச்சு. நாங்க இன்னா பண்றது?"

"கஞ்சி கீது" என்றார் பச்சையப்பன். "எங்களுக்கே பத்தாது. உங்களுக்கும் சேத்துப் பங்கு போட்டுக்கலாம்."

"ஏய், எறங்காதீங்க! உள்ள போங்க!" என்று சுப்பிரமணி கத்தினான். டிரைவர் ஹாரன் அடித்தான். கங்கம்மா நகரவில்லை. அக்கா எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றாள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்து நின்றோம்.

முத்தம்மாள் ரொம்ப நேரம் சாரப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னோடு வந்தவர்களிடம் தாழ்ந்த குரலில் என்னவோ கேட்டாள். இரண்டு பேர் தலையை ஆட்டி மறுத்தார்கள். ஒருத்தி அழுதாள். கடைசியில் முத்தம்மாள் தூக்குச்சட்டியைக் கீழே இருந்த அக்காவிடம் நீட்டிவிட்டு, டயரில் கால் வைத்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். "இன்னிக்கு மட்டும்" என்றாள் அவள். "நாளைக்கு இன்னான்னு எங்களுக்குத் தெரியாது."

"எங்களுக்குந்தான் தெரியாது" என்றாள் கங்கம்மா.

உட்காரும்போது முத்தம்மாளின் பார்வை என் பேண்ட்டிலும் கண்ணாடியிலும் நின்றது. "அவுரு யாரு? ஆபீசரா?"

கங்கம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த இரண்டு வாரத்தில் அவள் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"எங்கள ஓட வச்சவரு" என்றாள். "இப்போ எங்ககூடக் குந்திக்கினு கீறாரு."

முத்தம்மாள் தலையை ஆட்டினாள். நான் ஒதுங்கி, இருந்த நிழலை அவளுக்கு விட்டேன். லாரி வெறுமையாகப் பின்னால் நகர்ந்து திரும்பியது. ஐம்பது பேருக்கும் மேல் இருந்தோம். அக்கா கஞ்சியில் இன்னும் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினாள்.